தாடை மூட்டுக் கோளாறின் உயிர்வேதியியலும் சிகிச்சைத் தேர்வும்: எதை, எதற்காகத் தேர்ந்தெடுப்பது?

வாயை அகலத் திறக்கும்போது காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஓர் ஓசை, மெல்லும்போது கன்னத்தில் பரவும் வலி, காலையில் எழுந்ததும் இறுகிக் கிடக்கும் தாடை ஆகியவற்றோடு மருத்துவரை நாடுபவருக்கு ஒரே ஒரு வழி மட்டும் சொல்லப்படுவது அரிது. ஒருவர் அழற்சி தணிக்கும் மாத்திரையைப் பரிந்துரைப்பார். இன்னொருவர் இரவில் பல்வரிசையின் மேல் அணியும் ஸ்ப்ளின்ட் செய்து தருவார். மற்றொருவர் மூட்டைக் கழுவி ஊசி போடலாம் என்பார். வேறொருவர் தாடைப் பயிற்சியும் மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சியும் போதும் என்பார். குருத்தெலும்பை வளர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உயிர்வேதியியல் விளக்கம் இருக்கிறது என்பதும், அந்த விளக்கங்களில் பெரும்பாலானவை ஓரளவு உண்மை என்பதும்தான் தேர்வைக் கடினமாக்குகின்றன.

இக்கட்டுரையின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மூலக்கூறு நோயில் பங்கேற்கிறது என்று கண்டறிவது ஒன்று. அந்த மூலக்கூற்றைத் தடுத்தால் நோயாளி நலமடைகிறார் என்று காட்டுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு தாடை மூட்டில் வியக்கத்தக்க அளவு பெரியது. ஆகவே ஒவ்வொரு வழியையும், அது எந்தக் காரணத்தைத் தொடுகிறது, தொட்டதனால் உண்மையில் பலன் கிடைத்ததா, கிடைக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்னும் மூன்று கேள்விகளைக் கொண்டு எடைபோடுகிறேன். மூன்றாவது கேள்விக்கு நான் கூடுதல் எடை தருவதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

ஒரு பெயர், பல நோய்கள்

தாடை மூட்டுக் கோளாறு என்பது தனி ஒரு நோயின் பெயரன்று. 2014-இல் வெளியாகி இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் நோயறிதல் வரையறை, மெல்லும் தசைகளின் வலி, மூட்டின் வலி, மூட்டு வட்டு இடம் பெயர்தல், மூட்டுத் தேய்மானம், தாடைக் கோளாற்றால் வரும் தலைவலி என்று இதைப் பிரிக்கிறது. உடல் நிலைக்கு ஓர் அச்சு, மன நிலைக்கும் அன்றாடச் செயல்பாட்டுக்கும் இன்னோர் அச்சு என்று இரண்டையும் ஒருங்கே மதிப்பிடச் சொல்கிறது. இந்த வரையறை, நோயாளி சொல்லும் வரலாறு, விரலால் அழுத்திப் பார்ப்பது, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பது, தேவைப்பட்டால் ஸ்கேன் ஆகியவற்றின் மேல் நிற்கிறது. இரத்தத்திலோ மூட்டுநீரிலோ எந்த வேதிப்பொருளையும் அளக்கும்படி அது கேட்கவில்லை. மூட்டுநீரிலுள்ள மூலக்கூறுகளை அளந்து உங்களுக்கென்றே தனிச் சிகிச்சை வகுக்கிறோம் என்று யாரேனும் சொன்னால், இன்றைய நிலையில் அது ஆய்வுக்கூடத்துக்குரிய வேலையே தவிர நோயாளிக்குரிய சேவையன்று.

இந்தப் பிரிவினை நம் ஒப்பீட்டுக்கு அடிப்படையானது. தசையில் வலி இருப்பவர் மூட்டைக் கழுவிக்கொள்வதும், மூட்டு பூட்டிக்கொண்டவர் மன அமைதிப் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பதும் ஒரே பெயரால் ஏமாறுவதுதான்.

சுமையிலிருந்து தொடங்கும் வேதியியல்

இந்த மூட்டின் உயிர்வேதியியலில் மிக அழகாகக் கோவைப்பட்ட விளக்கம் சுமையிலிருந்து தொடங்குகிறது. கீழ்த்தாடையின் தலைப்பகுதிக்கும் பொட்டெலும்பின் குழிக்கும் நடுவே, முதல் வகைக் கொலாஜன் இழைகளால் ஆன ஒரு வட்டு இருக்கிறது. முழங்கால் போன்ற மூட்டுகளில் எலும்பு முனைகளைக் கண்ணாடிக் குருத்தெலும்பு போர்த்தியிருக்க, இங்கே போர்த்தியிருப்பது நார்க்குருத்தெலும்பு. வட்டின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுநீரின் வழியே ஊறிவரும் ஊட்டத்தை நம்பியே அங்குள்ள உயிரணுக்கள் வாழ்கின்றன. வட்டுக்கு மேலுள்ள அறையில் கொள்ளும் நீர் ஏறத்தாழ 1.2 மில்லிலிட்டர் மட்டுமே. இவ்வளவு சிறிய அளவிலான நீர்தான் வட்டு வழுக்கி ஓடுவதற்கும் திசுக்கள் உயிரோடிருப்பதற்கும் பொறுப்பேற்கிறது.

அந்த வழுக்கலைத் தருபவை பரப்பின்மேல் படிந்திருக்கும் கொழுப்பு வகை மூலக்கூறுகளான பாஸ்போலிப்பிடுகளும், லூப்ரிசின் என்னும் புரதமும், ஹயலுரோனிக் அமிலமும் ஆகும். ஹயலுரோனிக் அமிலம் தானே வழுக்கச் செய்வதைக் காட்டிலும், பாஸ்போலிப்பிடுகளைச் சிதைக்கக்கூடிய பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதியிடமிருந்து அவற்றைக் காப்பது முக்கியமான வேலை என்பது இஸ்ரேலிய வாய், தாடை அறுவை மருத்துவரான டோரிட் நிட்சான் முன்வைத்த கருத்து. ஒருவர் பற்களைக் கடித்து இறுக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் உயர்கிறது. நுண்குழாய்களில் இரத்தம் பாயத் தேவையான அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், கடித்து இறுக்கும் வேளையில் சிலருடைய மூட்டுக்குள் 200 வரை அளந்திருக்கிறார்கள். அப்போது திசுவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. இறுக்கம் தளர்ந்ததும் இரத்தம் மீண்டும் பாய்கிறது. நலம் என்று தோன்றும் அந்தக் கணத்தில்தான் கேடு தொடங்குகிறது. ஆக்சிஜன் குறைந்திருந்தபோது மாறிக்கிடந்த சான்தீன் ஆக்சிடேஸ் போன்ற நொதிகள், திரும்பி வந்த ஆக்சிஜனைக் கொண்டு சூப்பர்ஆக்சைடு முதலான வீரியமிக்க மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. நுண்ணிய இரத்தக்கசிவால் மூட்டுநீரில் கலந்த ஹீமோகுளோபினின் இரும்பு இவ்வினையை இன்னும் கொடியதாக்கி, ஹைட்ராக்சில் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கக்கூடும். இவை ஹயலுரோனிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டுகின்றன. காவல் போனதும் பாஸ்போலிப்பிடு அடுக்கு கரைகிறது. வழுக்கல் போனதும் வட்டு குழியோடு ஒட்டிக்கொள்ளவோ இடம் பெயரவோ செய்கிறது.

இச்சங்கிலியின் முதல் கண்ணி கடித்து இறுக்குவது என்பதைக் கவனிக்க வேண்டும். வேதியியல் வேண்டிய அளவு சிக்கலாக இருந்தாலும் அதன் தலைவாயில் ஓர் அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது. ஆகவே சுமையைக் குறைக்கும் வழிகள் எளியவை என்பதற்காக அவற்றைக் கீழானவையாக நினைப்பது பிழை. சங்கிலியின் மேல்முனையைத் தொடுபவை அவையே. உண்ணாத வேளையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் உதடுகள் மட்டும் மூடியிருக்கப் பழகுவது, மென்மையான உணவைச் சில வாரங்கள் உண்பது, கொட்டாவியின்போது வாய் அளவுக்கு மீறித் திறக்காமல் தாடையைத் தாங்கிக்கொள்வது, பயிற்சியாளர் காட்டியபடி தாடையை மெல்ல நீட்டி அசைப்பது ஆகிய இவை எந்த மூலக்கூற்றின் பெயரையும் சொல்லாமலே அதன் உற்பத்தியைக் குறைக்கக்கூடியவை.

2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, நாட்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதலும் இதே திசையில்தான் நிற்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சை, சிகிச்சையாளர் துணையோடு தாடையை அசைத்தல், தசையின் வலி முடிச்சுகளைக் கையால் தளர்த்துதல், மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சியும், உட்காரும் நிற்கும் நிலையைச் சீராக்கும் பயிற்சியும் ஆகியவற்றுக்கு அது வலுவான பரிந்துரை அளிக்கிறது. மருந்துகளும் கருவிகளும் ஊசிகளும் அந்த முதல் வரிசையில் இல்லை.

ஸ்ப்ளின்ட் விஷயத்தில் வேதியியலும் பலனும் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். கடிமட்டத்தை உயர்த்தும் ஒரு தகட்டை அணிந்து கடித்தபோது மூட்டுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததை 1994-இல் நிட்சான் அளந்து காட்டினார். நுண்குழாய்கள் நசுங்காத நிலைக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. இதைப் படிப்பவர் எவரும் ஸ்ப்ளின்டே முதல் மருந்து என்று முடிவு செய்வார். ஆனால் மேற்சொன்ன வழிகாட்டுதல், நாட்பட்ட வலிக்கு ஸ்ப்ளின்ட் அணிவதை எதிர்த்து நிபந்தனையுடன் பரிந்துரைக்கிறது. கிடைக்கும் வலிக்குறைவு, செலவுக்கும் தொந்தரவுக்கும் ஈடாகத் தெரியவில்லை என்பதே அதன் கருத்து. அழுத்தத்தை அளந்த ஆய்வும் பொய்யன்று, வலியை அளந்த ஆய்வுகளும் பொய்யல்ல. கடித்து இறுக்கும் சில நிமிடங்களில் மூட்டுக்குள் நடப்பதை முதலாவது அளந்தது; மாதக்கணக்கில் ஒரு மனிதர் உணரும் வலியை இரண்டாவது அளந்தது. இந்த வலியில் மூட்டின் பங்கு ஒரு பகுதியே.

என் கருத்தில் பல் தேய்மானத்தைத் தடுக்க ஸ்ப்ளின்ட் பொருத்தமான கருவி. இரவில் பற்களை நறநறவெனக் கடிப்பவருக்குப் பற்கள் உடையாமலிருக்கும். வலி தீர்வதற்காக மட்டும் அதை வாங்குவதானால், பயிற்சியைச் செய்து பார்த்த பிறகு வாங்கலாம். பல்வரிசை முழுவதையும் மூடும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சில பற்களை மட்டும் தாங்கும் சிறு தகடுகள் நீண்ட நாள் அணிந்தால் கடிமட்டத்தையே மாற்றிவிடக்கூடும்.

போட்டுலினம் ஊசியையும் இங்கேயே பேசிவிடலாம். அது நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளியேறுவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. ஆகவே சுமையைக் குறைக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் எலும்புக்குச் சுமையே இல்லாமற்போவதும் கேடு. மெல்லும் தசைகளில் இவ்வூசி போடப்பட்ட விலங்குகளில் தாடைத் தலைப்பகுதி எலும்பு இளைத்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதையும் அந்த வழிகாட்டுதல் நிபந்தனையுடன் தவிர்க்கச் சொல்கிறது.

அழற்சியை அணைப்பதா, கழுவுவதா

வழுக்கல் போன மூட்டில் அடுத்து வருவது அழற்சி. நோயுற்ற மூட்டுநீரில் கட்டி நசிவுக் காரணி ஆல்ஃபா, இன்டர்லூகின் 1 பீட்டா, இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 ஆகிய சைட்டோகைன்கள் (அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதங்கள்) உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இவை குருத்தெலும்பு உயிரணுக்களைத் தூண்டி, கொலாஜனை அறுக்கும் மெட்டாலோபுரோட்டினேஸ் நொதிகளையும் குருத்தெலும்பின் இன்னொரு கட்டுமானப் பொருளான அக்ரிகனைச் சிதைக்கும் நொதிகளையும் சுரக்கச் செய்கின்றன. இந்நொதிகளைக் கட்டுப்படுத்தும் இயற்கைத் தடுப்புப் புரதங்கள் ஈடுகொடுக்க முடியாதபோது திசு கரைகிறது. எலும்பைத் தின்னும் உயிரணுக்களை எழுப்பும் சமிக்ஞைகள் ஓங்கும்போது தாடைத் தலை தேய்கிறது. புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் அழற்சிப் பொருள், வலியுணர் நரம்புகள் எளிதில் தூண்டப்படும்படி செய்கிறது.

இவற்றைப் பார்த்ததும் கைக்கு எட்டுவது அழற்சி தணிக்கும் மாத்திரை. ஒரு சுவையான சான்று இங்கே உண்டு. வலியோடு வட்டு இடம் பெயர்ந்திருந்த நோயாளிகளுக்கு நாப்ராக்சென் 500 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, அல்லது செலிகாக்சிப் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, அல்லது வெற்று மாத்திரை என்று 6 வாரங்கள் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2004-இல் வெளியானது. அழற்சியின் முக்கிய நொதியான காக்ஸ் 2-ஐ இரு மருந்துகளும் தடுக்கின்றன. ஆயினும் நாப்ராக்சென் தெளிவான பலன் தந்தது. செலிகாக்சிப் வெற்று மாத்திரையை விடப் பெரிதாக மேம்படவில்லை. காகிதத்தில் ஒரே இடத்தைத் தாக்கும் இரண்டு மருந்துகள் உடலில் ஒன்றாக நடந்துகொள்ளவில்லை என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டியது. மாத்திரையைத் தேர்ந்தெடுப்பவர், மூட்டிலேயே வலி குறுகியிருக்கும் நிலையில், சில வாரங்கள் என்ற எல்லையோடு எடுப்பது பொருத்தம். வயிற்றுப் புண், சிறுநீரகக் குறை, இதய நோய், கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் இந்தப் பொருத்தம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இவ்வகை மாத்திரையோடு ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மருந்தைச் சேர்ப்பதை 2023 வழிகாட்டுதல் வலுவாக மறுக்கிறது.

மூட்டுக் கழுவல் என்பது இதற்கு எதிர்த்திசையிலான யோசனை: மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் தடுப்பதற்கு மாறாக, எல்லாவற்றையும் ஒருசேர வெளியேற்றிவிடுவது. நிட்சானும் உடன் பணியாற்றியவர்களும் 1991-இல் விவரித்த முறையில், இரண்டு ஊசிகளை மேலறைக்குள் செலுத்தி, உப்பு நீரோ ரிங்கர் லாக்டேட் கரைசலோ பாய்ச்சிக் கழுவுகிறார்கள். அறையின் கொள்ளளவு 1.2 மில்லிலிட்டர் என்றாலும், ஊறிப்போன புரதங்களும் நொதிகளும் வெளியேற 100 மில்லிலிட்டருக்குக் குறையாத நீர் தேவைப்படுகிறது. திடீரென வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டவர்களுக்கு இம்முறை வாயைத் திறக்கச் செய்ததுதான் இதன் புகழுக்குக் காரணம். அது மூலக்கூறுகளைக் கழுவியதாலா, குழியோடு ஒட்டியிருந்த வட்டை நீரின் அழுத்தம் பெயர்த்துவிட்டதாலா என்று கேட்டால், இரண்டாவதற்கும் பெரும் பங்கு உண்டு என்பேன்; சில நோயாளிகள் ஊசியை எடுத்த சற்று நேரத்திலேயே அகலத் திறந்துவிடுவதை அழற்சி வேதியியலால் மட்டும் விளக்க இயலாது.

ஆனால் இதே கழுவலை நாட்பட்ட வலிக்கான சிகிச்சையாக எடைபோட்டபோது 2023 வழிகாட்டுதல் எதிர்ப்பக்கமே சாய்ந்தது. இங்கே முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூட்டிக்கொண்ட தாடையைத் திறப்பது ஒரு குறிக்கோள். பல மாதங்களாக நீடிக்கும் வலியைத் தணிப்பது மற்றொரு குறிக்கோள். முதலாவதற்காகக் கழுவலைத் தேர்ந்தெடுப்பவரைத் தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டாவதற்காகத் தேர்ந்தெடுப்பவர் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

கழுவலோடு சேர்த்துப் போடப்படும் ஊசிகளில் ஹயலுரோனிக் அமிலம் வேதியியல்படி மிகப் பொருத்தமானது. போனதையே திரும்ப நிரப்புகிறோம் அல்லவா. ஆனால் உட்செலுத்திய அமிலத்தையும் அதே சூழலில் உள்ள வீரிய மூலக்கூறுகள் வெட்டத் தொடங்கும் என்பதையும், தலைவாயிலை அடைக்காமல் உள்ளே நீரூற்றுகிறோம் என்பதையும் நினைத்துப் பார்த்தால், பலன் ஒரே சீராக வராததில் வியப்பில்லை. சொந்த இரத்தத் தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடும் ஊசி பற்றிய ஆய்வுகள் பல சிறியவை; தயாரிப்பு முறையும் இடத்துக்கு இடம் வேறு. ஸ்டீராய்டு ஊசி கடும் அழற்சியை விரைவில் அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பையே கெடுக்கும். வளரும் குழந்தைகளின் மூட்டில் அது கூடுதல் கவனம் கோருகிறது. இளம்பருவ மூட்டழற்சிக்காக இவ்வூசி போடப்பட்ட குழந்தைகள் சிலருடைய மூட்டுக்குள் தேவையற்ற எலும்பு உருவானது பதிவாகியிருக்கிறது.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் போன்ற மாத்திரைகளுக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. குருத்தெலும்பின் மூலப்பொருளை வாய்வழி உண்டால் அது நேராகத் தாடை மூட்டுக்குப் போய்ச் சேரும் என்பது வேதியியலைப் போலத் தோன்றும் ஒரு வாதம் மட்டுமே. நாட்பட்ட வலிக்கு இவற்றையும் அந்த வழிகாட்டுதல் தவிர்க்கச் சொல்கிறது.

ஒரு விதிவிலக்கு மிக முக்கியமானது. முடக்குவாத மூட்டழற்சி, இளம்பருவ மூட்டழற்சி போன்ற நோய்களில் அழற்சி உடல் முழுவதற்கும் உரியது; தாடை மூட்டு அதன் பல இருப்பிடங்களில் ஒன்று. அங்கே கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கும் மருந்துகளும் மெத்தோட்ரெக்சேட்டும் நோயின் வேரையே தொடுகின்றன. மேலே சொன்ன சைட்டோகைன்கள் இரு நோய்களிலும் ஒன்றாகவே காணப்பட்டாலும், இங்கே அவை ஓட்டுநர் இருக்கையில் இருக்கின்றன. சாதாரணத் தாடைக் கோளாறில் பெரும்பாலும் பின்னிருக்கையில். காலையில் பல மூட்டுகள் இறுகியிருப்பவரும், கைவிரல் மூட்டு வீங்கியிருப்பவரும், தாடை ஒரு பக்கம் வளராமல் கோணிவரும் குழந்தையும் பல் மருத்துவரோடு நின்றுவிடாமல் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும்.

நரம்பின் கணக்கு

மூட்டின் வேதியியலை எவ்வளவு படித்தாலும் விளங்காத ஒன்று உண்டு. ஸ்கேனில் வட்டு இடம் பெயர்ந்திருப்பது, எந்த வலியும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் காணப்படுகிறது. மறுபுறம், ஸ்கேனில் குறை ஏதும் தெரியாதவர் வலியால் தூக்கமிழக்கிறார். இவ்விடைவெளியை நிரப்புவது நரம்பு.

முகத்துக்கும் தாடைக்கும் உரிய முக்கிளை நரம்பின் முனைகள் வலியைக் கொண்டுசெல்வதோடு நில்லாமல், பொருள் பி, கால்சிடோனின் மரபணு சார்ந்த பெப்டைடு ஆகிய வலிச் செய்திப் பொருள்களைத் திசுவுக்குள்ளேயே வெளியேற்றி, குழாய்களை விரித்து, அழற்சியைத் தாமே மூட்டுகின்றன. மெல்லும் தசையில் நரம்பு வளர்ச்சிக் காரணியைச் செலுத்தியபோது நலமாயிருந்தவர்களுக்கும் தொட்டால் எழும் வலி உண்டாகிப் பல நாட்கள் நீடித்தது. குளூட்டமேட்டைச் செலுத்தியபோது உடனடி வலி உண்டாயிற்று. இந்தச் செய்திகள் மூளைத்தண்டில் உள்ள முக்கிளை நரம்புக் கருவை அடைந்து அங்கே நிலைத்துவிட்டால், மூட்டு ஆறிய பின்பும் வலி ஆறாது. ஓபரா என்னும் பெரிய அமெரிக்க ஆய்வு, தொடக்கத்தில் இந்நோயில்லாத 18 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களைத் தொடர்ந்து பின்பற்றியது; ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்குப் புதிதாக நோய் வந்தது. யாருக்கு வரும் என்பதை முன்னறிவித்தவற்றுள் உடலின் வேறு இடங்களில் இருந்த வலிகளும் பல்வகை உடல் உபாதைகளும் முன்னணியில் நின்றன.

இங்குதான் மரபணுவும் நுழைகிறது. அட்ரீனலின் வகைப் பொருள்களைச் சிதைக்கும் காம்ட் என்னும் நொதியின் மரபணு வடிவம், ஒருவர் வலியை எவ்வளவு உணர்கிறார் என்பதோடும் தாடைத் தசை வலி வரும் வாய்ப்போடும் தொடர்புடையது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. நொதி மந்தமானால் அட்ரீனலின் தேங்கும். தேங்கியது பீட்டா 2, பீட்டா 3 ஏற்பிகளைத் தட்டி வலியைக் கூட்டும் என்பது பின்னர் விலங்குகளில் தெளிவாயிற்று. இதைப் போல் தெளிவான ஒரு சங்கிலி மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகவே பீட்டா ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரனலால் மாத்திரையை 200 பேரிடம் 9 வாரங்கள் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: முதன்மையாக அளக்க நினைத்த வலிக் குறியீட்டில் வேறுபாடு போதிய அளவு இல்லை, ஆனால் வலி 30 விழுக்காடேனும் குறைந்தவர்களின் எண்ணிக்கை மருந்து உண்டவர்களில் கூடுதலாக இருந்தது. சிலருக்கு உதவக்கூடும் என்பதே இதன் நேர்மையான வாசிப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. நாட்பட்ட தாடை வலிக்கான பொதுப் பரிந்துரையாகவும் இது ஏறவில்லை. இரவில் குறைந்த அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின், செரட்டோனின், நார்அட்ரீனலின் வழியே மூளையின் வலியடக்கும் பாதைகளை ஊக்குவதால், தூக்கம் கெட்டு உடலெங்கும் வலியுள்ளவர்களுக்குத் தரப்படுகிறது. வாய் உலர்வதும் பகலில் மந்தமும் அதற்குக் கொடுக்கும் விலை.

அறிதல் நடத்தைச் சிகிச்சையை வேதியியலுக்கு அப்பாற்பட்டதாக நினைப்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. அட்ரீனலின் தேங்குவதும், தசை இறுகுவதும், பற்கள் தொட்டுக்கொண்டே இருப்பதும், தூக்கம் கலைவதும் அது நேரடியாகக் கையாளும் பொருள்கள். மாத்திரை ஒரு ஏற்பியை அடைக்கிறது. இது அவ்வேற்பிக்கு வரும் வரத்தைக் குறைக்கிறது.

பெண்களுக்கு இந்நோய் ஆண்களை விட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவதும், மகப்பேற்று வயதில் கூடுவதும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை நோக்கிக் கைகாட்டுகின்றன. மூட்டுத் திசுக்களில் அதன் ஏற்பிகள் உண்டு. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்ட பெண்களில் இந்நோய்க்காகச் சிகிச்சை நாடுவது ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக இருந்ததை 1997-இல் ஓர் ஆய்வு கண்டது. மாதச் சுழற்சியில் ஈஸ்ட்ரோஜன் விரைந்து இறங்கும் நாட்களிலும் வலி கூடுவது காணப்பட்டிருக்கிறது. உயர்ந்தாலும் இறங்கினாலும் பேசும் ஒரு ஹார்மோனை எந்தத் திசையில் திருத்துவது? தாடை வலிக்காக ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கவோ நிறுத்தவோ இதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

திரும்பி வர முடியாத வழிகள்

1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்னும் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர், பற்கள் விழுந்து தாடை அளவுக்கு மீறி மூடுவதால் நரம்புகள் நசுங்கியே இவ்வலி வருகிறது என்று எழுதினார். அந்த உடற்கூறு விளக்கம் பின்னர் தவறென்று தெரிந்தது. ஆனால் கடிமட்டத்தைத் திருத்தினால் வலி தீரும் என்ற எண்ணம் அதோடு போகவில்லை. நலமான பற்களை அராவிக் கடியைச் சமன்செய்வதும், பல்வரிசையை நிரந்தரமாக மாற்றும் தகடுகளும் அதன் வாரிசுகள். 2023 வழிகாட்டுதல் பல்வரிசையை மீட்க முடியாதபடி மாற்றும் தகடுகளையும், வட்டை அகற்றும் அறுவையையும் வலுவாகவே மறுக்கிறது.

வேதியியலை மறந்த அறுவைக்கு இந்தத் துறையின் மிகக் கொடிய பாடம் 1980-களில் பொருத்தப்பட்ட புரோபிளாஸ்ட் டெஃப்லான் செயற்கை வட்டுகள். மெல்லும் அழுத்தத்தில் அவை பொடியாயின; பொடியை விழுங்கிய பேருயிரணுக்கள் ஒன்றுகூடி அழற்சிப் பொருள்களைச் சுரந்தன; எலும்பு அரித்து, சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதி வரை கேடு பரவியது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தலையிட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. இன்றைய முழு மூட்டு மாற்றுக் கருவிகள் வேறு பொருளால் ஆனவை. எலும்பு ஒட்டிக்கொண்ட மூட்டு, முற்றாகச் சிதைந்த மூட்டு ஆகியவற்றுக்கு அவை உரிய இடம் பெறுகின்றன. வலி மட்டும் உள்ளவருக்கு அவை வழியாகா.

எந்த நிலையில் எதை முதலில்

வலியின்றி ஓசை மட்டும் இருப்பவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஓசை நோயாகாது. கன்னத்துத் தசையையும் பொட்டையும் அழுத்தினால் தனக்குப் பழகிய அதே வலி எழுகிறதென்றால், பயிற்சி, கைச்சிகிச்சை, நடத்தைச் சிகிச்சை ஆகிய மூன்றிலும் முதலில் எது கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம். காதுக்கு முன்னால் மூட்டின் மேலேயே வலி குறுகியிருந்தால், இவற்றோடு சில வாரங்கள் அழற்சி மாத்திரையைச் சேர்ப்பதற்கு வேதியியலும் சான்றும் ஒருங்கே துணை நிற்கின்றன. வலி உடலெங்கும் பரவியிருந்து தூக்கமும் கெட்டிருந்தால், மூட்டில் ஊசி போடுவது கடைசியாக நினைக்க வேண்டியது.

வயது 50-ஐக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலியும், மெல்லத் தொடங்கிய சற்று நேரத்தில் தாடை ஓய்ந்து வலிப்பதும் சேர்ந்து வந்தால், அது பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கக்கூடும். பார்வை பறிபோகும் அபாயம் இருப்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகத்தில் மரத்துப்போதல், காய்ச்சலோடு வீக்கம், திடீரென்று கடி மாறிப்போதல் ஆகியவையும் இக்கட்டுரையின் ஒப்பீட்டுக்குள் அடங்காதவை. அவற்றுக்கு முதலில் வேண்டியது நோயறிதல்.

தாடை பூட்டிக்கொண்டவரின் நிலையில்தான் தேர்வு உண்மையில் நெருக்கமானது. இத்தகைய 106 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, மருந்தும் அறிவுரையும், பயிற்சியும் ஸ்ப்ளின்டும் சேர்ந்த மறுவாழ்வு முறை, கருவி நுழைத்துச் செய்யும் மூட்டு நோக்கு அறுவை, திறந்த அறுவை என்று அளித்து 5 ஆண்டுகள் பின்பற்றியபோது, நான்கு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு மேம்பட்டிருந்தன என்று 2007-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே முதல் சில வாரங்களைப் பயிற்சிக்கும் மாத்திரைக்கும் தருவதால் எதையும் இழப்பதில்லை. கண்ணாடி முன் நின்று, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே எத்தனை விரல் நுழைகிறது என்று வாரம் ஒருமுறை அளந்து எழுதி வரலாம். அளவு கூடிக்கொண்டே வந்தால் அதே வழியில் தொடரலாம். 4 முதல் 6 வாரங்களில் அசையாமல் நின்றுவிட்டால், அந்தக் குறிப்போடு போய் மூட்டுக் கழுவலைப் பற்றிக் கேட்கலாம்.